பார்ப்பது வேறு, படிப்பது வேறு

கடந்த பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை மாலை, என் அண்ணன் மகனும் நானும் கோலாலம்பூரில் உள்ள புக்கிட் கியாரா குன்றுக்கு மலை மிதிவண்டி ஓட்டச் சென்றோம். அவன் நான்காம் படிவ மாணவன். பிறந்தநாளுக்குக் கிடைத்த மிதிவண்டியை நல்ல மண்பாதையில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவனது நெடுநாள் ஆசை. இருவரிடமும் தலைக்கவசம் இருந்தது, தண்ணீர் இருந்தது, திறன்பேசியில் மலை மிதிவண்டிப் பாதைகளைக் காட்டும் செயலியும் இருந்தது. வேறென்ன வேண்டும் என்று நினைத்தோம்.

புக்கிட் கியாரா, தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பை ஒட்டிய குன்று. ஒரு காலத்தில் பால்மரத் தோட்டமாக இருந்த இடம் அது. தோட்டம் மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும், சீவுவார் இல்லாத பால்மரங்கள் காட்டு மரங்களோடு கலந்து இன்றும் நிற்கின்றன. அவற்றுக்கிடையே தன்னார்வலர்கள் மண்வெட்டியும் கையுமாக நின்று உருவாக்கிய ஒற்றையடிப் பாதைகள் வளைந்து வளைந்து செல்கின்றன.

ஒரு மணி நேரம் மகிழ்ச்சியாக ஓட்டினோம். பாதை இரண்டாகப் பிரியும் ஓர் இடத்தில் நின்று திறன்பேசியைப் பார்த்தோம். “இந்தப் பக்கம் போனால் சீக்கிரம் கீழே இறங்கிவிடலாம், சித்தப்பா” என்றான் அவன். திரையில் ஒரு கோடு தெரிந்தது. அது கீழே உள்ள பழைய சடக்கை நோக்கிச் சென்றது. நானும் தலையசைத்தேன். அவன் முன்னே சென்றான். முந்தைய நாள் பெய்த மழையில் மரவேர்கள் வழுக்கின. பாதை சட்டென்று செங்குத்தாக இறங்கியது. பிரேக்கை அழுத்தியதும் முன்சக்கரம் வழுக்க, அவன் வலக்கையை ஊன்றி விழுந்தான். மணிக்கட்டு வீங்கிவிட்டது. எலும்பில் விரிசல் என்றும், ஆறு வாரங்களுக்கு மாவுக்கட்டு போட வேண்டும் என்றும் மருத்துவர் பின்னர் கூறினார்.

அன்றிரவு மருத்துவமனையில் என் அண்ணன் மிகவும் கோபமாக இருந்தார். “கையில் கைப்பேசியைக் கொடுத்துக் காட்டுக்குள் விட்டால் இப்படித்தான் ஆகும். இனிமேல் செயலியும் வேண்டாம், மலையும் வேண்டாம்” என்றார். அந்த நேரத்தில் நான் பதில் பேசவில்லை. ஆனால், வீட்டுக்கு வந்ததும் அதே செயலியைத் திறந்து, நாங்கள் இறங்கிய பாதையைத் தொட்டுப் பார்த்தேன். அந்தக் கோட்டின் நிறம் கறுப்பு. அதன் பக்கத்தில் கறுப்பு வைரக் குறி இருந்தது. உயர அளவைக் காட்டும் படத்தில் கோடு கிணற்றில் விழுவதுபோல் இறங்கியது. அதற்கும் கீழே, இரண்டு நாள்களுக்கு முன் யாரோ ஒருவர் எழுதியிருந்தார்: மழைக்குப் பின் வேர்கள் மிகவும் வழுக்குகின்றன, கவனம்.

ஆக, தேவையான எச்சரிக்கைகள் எல்லாம் அதில் இருந்தன. ஆனால், எங்கள் கண்ணில் பட்டது ஒரு கோடு மட்டுமே. நாங்கள் செயலியைப் பார்த்தோம், படிக்கவில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் இக்கட்டுரையில் வலியுறுத்த விரும்புகிறேன். மலைப்பாதைச் செயலிகளை இளையோர் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால், ஒரு புத்தகத்தைப் படிப்பதுபோல், புறப்படுவதற்கு முன்பே அவற்றைப் படிக்கப் பழக வேண்டும் என்பதே என் கருத்து.

முதலில், இத்தகைய செயலிகள் என்ன செய்கின்றன என்று பார்ப்போம். கனடாவில் உருவான ட்ரெயில்ஃபோர்க்ஸ் போன்ற செயலிகள், உலகின் பல நாடுகளில் உள்ள மலை மிதிவண்டிப் பாதைகளை வரைபடத்தில் காட்டுகின்றன. பாதையின் நீளம், ஏற்ற இறக்கம், கடினத்தன்மை, ஓட்டியவர்களின் குறிப்புகள் ஆகியவை அவற்றில் இருக்கும். ஸ்ட்ராவா போன்ற செயலிகள் நாம் சென்ற வழியையும் வேகத்தையும் பதிவு செய்கின்றன. முன்பெல்லாம் ஒரு குன்றில் எங்கே பாதை இருக்கிறது என்பதை அறிய, அங்கே பல ஆண்டுகள் ஓட்டிய ஒருவரின் துணை வேண்டும். இன்று அந்த அறிவு பதினாறு வயது மாணவனின் சட்டைப் பையிலும் இருக்கிறது. இது பெரிய நன்மை என்பதில் ஐயமில்லை.

அடுத்து, திறன்பேசி நம் இருப்பிடத்தை எப்படி அறிகிறது? பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜி.பி.எஸ். துணைக்கோளங்கள் சுற்றி வருகின்றன. அவை அனுப்பும் சமிக்ஞைகள் வந்துசேர எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கொண்டு, திறன்பேசி ஒவ்வொரு துணைக்கோளமும் எவ்வளவு தொலைவில் உள்ளது எனக் கணக்கிடுகிறது. குறைந்தது நான்கு துணைக்கோளங்களின் சமிக்ஞைகள் கிடைத்தால்தான் நம் இடத்தைச் சரியாகக் குறிக்க முடியும். திறந்த வெளியில் சாதாரணத் திறன்பேசி நம் இடத்தைச் சுமார் ஐந்து மீட்டர் வித்தியாசத்திற்குள் காட்டிவிடும். ஆனால், அடர்ந்த மரங்களின் கீழும் பள்ளத்தாக்குகளிலும் சமிக்ஞை பலவீனமடைகிறது, வித்தியாசமும் கூடுகிறது. பத்து மீட்டர் இடைவெளியில் இரண்டு பாதைகள் அடுத்தடுத்துச் சென்றால், நாம் ஒன்றில் இருக்க, திரையில் உள்ள நீலப்புள்ளி மற்றொன்றில் நிற்கக்கூடும். அந்தப் புள்ளி, “நீ பெரும்பாலும் இங்கே இருக்கிறாய்” என்று மட்டுமே சொல்கிறது. அதை நாம் “நீ இங்கேதான் இருக்கிறாய்” என்று புரிந்துகொள்கிறோம்.

இன்னொன்றையும் பலர் அறிவதில்லை. நம் இருப்பிடத்தைக் கண்டறிய இணையத் தொடர்பு தேவையில்லை. ஆனால், அந்த இருப்பிடத்தைக் காட்டும் வரைபடம் பெரும்பாலும் இணையம் வழியாகவே வருகிறது. இணையம் இல்லாத காட்டில், பதிவிறக்கம் செய்யாத வரைபடத்தைத் திறந்தால் வெற்றுத் திரையில் ஒரு நீலப்புள்ளி மட்டும் நிற்கும். சுற்றிலும் பாதை இருக்காது, குன்றும் இருக்காது. ஆகவே, செல்லும் பகுதியின் வரைபடத்தை வீட்டிலேயே பதிவிறக்கம் செய்துகொள்வது முதல் வேலை. திரை எரிந்துகொண்டே இருந்தால் மின்கலத்தின் ஆற்றலும் விரைவில் தீர்ந்துவிடும். வழியெல்லாம் திரையைப் பார்த்துக்கொண்டே செல்பவருக்கு, உண்மையில் தேவைப்படும் நேரத்தில் அது உதவாமல் போகலாம்.

சரி, செயலியைப் படிப்பது என்றால் என்ன? முதலில் நிறத்தைப் படிக்க வேண்டும். பனிச்சறுக்குத் திடல்களில் தோன்றிய ஒரு முறையைப் பின்பற்றி, மலை மிதிவண்டிப் பாதைகளும் தரம் பிரிக்கப்படுகின்றன. பச்சை வட்டம் எளிய பாதையைக் குறிக்கும். நீலச் சதுரம் நடுத்தரமானது. கறுப்பு வைரம் மிகக் கடினமானது. இரண்டு கறுப்பு வைரங்கள் இருந்தால், அது தேர்ந்த ஓட்டுநர்களுக்கு மட்டுமே உரியது. சாலையில் சிவப்பு விளக்கைக் கண்டால் நிற்கிறோம். அதே கவனத்தை இந்தக் குறிகளுக்கும் கொடுத்திருந்தால், என் அண்ணன் மகன் ஆறு வாரம் இடக்கையால் சாப்பிட்டிருக்க வேண்டியதில்லை.

இரண்டாவதாக, உயரத்தைப் படிக்க வேண்டும். புவியியல் பாடத்தில் சமவுயரக் கோடுகளைப் பற்றிப் படிக்கிறோம். கோடுகள் நெருக்கமாக இருந்தால் நிலம் செங்குத்தானது. விலகியிருந்தால் சரிவு மென்மையானது. தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் இந்தச் செய்தி, குன்றில் நம் எலும்பைக் காப்பாற்றும். இரண்டு கிலோமீட்டர் என்று செயலி காட்டும் பாதை சமநிலத்தில் பத்து நிமிடமாக இருக்கலாம். ஏற்றத்தில் அரை மணி நேரத்திற்கும் மேலாகலாம். தூரத்தை மட்டும் பார்ப்பவர் நேரத்தைத் தவறாகக் கணிப்பார். நம் நாட்டில் மாலை ஏழரை மணிக்குள் இருட்டிவிடுகிறது. மரங்களின் கீழ் அதற்கு முன்பே வெளிச்சம் குறைந்துவிடும். பிற்பகல் இடியுடன் கூடிய மழையும் நமக்குப் புதிதல்ல. எனவே, நேரக் கணிப்பு தவறினால் ஆபத்து உண்டு.

மூன்றாவதாக, தேதியைப் படிக்க வேண்டும். வரைபடத்தில் உள்ள பாதை எப்போது வரையப்பட்டது? கடைசியாக யார், எப்போது அதில் ஓட்டிக் குறிப்பு எழுதினார்? ஒரு பெருமழையில் மண் சரிந்து பாதையே இல்லாமல் போயிருக்கலாம். மரம் விழுந்து வழி மறிக்கப்பட்டிருக்கலாம். கோடு மட்டும் திரையில் அப்படியே இருக்கும். மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய குறிப்பை நம்பிச் செல்வது, பழைய நாளிதழைப் பார்த்து இன்றைய வானிலையை அறிவது போன்றது.

நான்காவதாக, அனுமதியைப் படிக்க வேண்டும். வரைபடத்தில் ஒரு கோடு இருப்பதாலேயே அங்கே செல்ல நமக்கு உரிமை இருக்கிறது என்று பொருளாகாது. அது தனியார் நிலமாக இருக்கலாம். வனத்துறையின் அனுமதி தேவைப்படும் காடாக இருக்கலாம். நடப்பவர்களுக்கு மட்டும் உரிய பாதையாக இருக்கலாம். அண்டை நாடான சிங்கப்பூரில் இதைத் தெளிவாக வகுத்திருக்கிறார்கள். அங்குள்ள செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவில், நடப்பவர்களுக்கு ஒரு பாதையும் மலை மிதிவண்டிக்கு வேறு பாதையும் அமைக்கப்பட்டுள்ளன. மிதிவண்டிப் பாதைகளின் நீளம் மட்டும் 8.2 கிலோமீட்டர். புலாவ் உபின் தீவிலும் மலை மிதிவண்டிக்கெனத் தனிப் பூங்கா உண்டு. இத்தகைய இடங்களில் பாதையின் கடினத்தன்மையை அறிவிப்புப் பலகைகளே சொல்லிவிடும். பலகை இல்லாத இடங்களில் அந்தப் பொறுப்பு நம்முடையதாகிறது. செயலி ஒன்று சொல்ல, பாதையின் முகப்பில் உள்ள அறிவிப்புப் பலகை வேறொன்று சொன்னால், பலகையைத்தான் நம்ப வேண்டும்.

ஐந்தாவதாக, வெளியேறும் வழியைப் படிக்க வேண்டும். எந்த இடத்தில் விழுந்தாலும், அங்கிருந்து மிக அருகில் உள்ள சாலை எது? என் அனுபவத்தில் இதுவே மிக முக்கியமான கேள்வி. அன்று அவன் விழுந்த பிறகுதான் நான் முதன்முறையாகச் செயலியை உண்மையில் படித்தேன். வந்த வழியே திரும்பினால் ஏற்றம். நேராக இறங்கினால் இன்னும் செங்குத்து. ஆனால், இடப்பக்கம் சமவுயரக் கோடுகள் விலகியிருந்தன. அந்தச் சரிவைக் கடந்தால் சற்றுத் தூரத்தில் பழைய சடக்கு இருந்தது. அவனது மிதிவண்டியை நான் தள்ள, அவன் கையைத் துண்டில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு நடந்து வந்தான். எங்கள் இருப்பிடத்தைச் செயலி மூலம் அண்ணனுக்கு அனுப்பினேன். அவர் சரியான நுழைவாயிலுக்கு வந்து காத்திருந்தார். அப்போது என் திறன்பேசியில் ஒன்பது விழுக்காடு மின்னாற்றலே மீதமிருந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எங்களைப் பள்ளத்தில் இறக்கியதும் அதே செயலிதான். வெளியே கொண்டுவந்ததும் அதே செயலிதான். இடையில் மாறியது நான் அதைப் பயன்படுத்திய முறை மட்டுமே. அவன் நடக்க முடியாத நிலையில் இருந்திருந்தால், 999 எண்ணை அழைத்திருப்பேன். அப்போதும் “புக்கிட் கியாராவில் இருக்கிறோம்” என்று மட்டும் சொல்வது போதாது. குன்றில் எந்தப் பகுதி, எந்தப் பாதை, அட்சரேகை தீர்க்கரேகை எண்கள் என்ன என்று சொல்ல முடிந்தால், மீட்புக் குழுவினர் நேராக வந்து சேர்வார்கள். இந்த எண்களைச் செயலியில் எங்கே பார்ப்பது என்பதை, விழுவதற்கு முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

செயலியே வேண்டாம் என்போரின் வாதத்திலும் நியாயம் உண்டு. முன்பு இதே குன்றில் பால்மரம் சீவியவர்கள், விடியற்காலை இருட்டில் விளக்கோடு சென்று வேலை செய்தார்கள். அவர்கள் கையில் எந்தச் செயலியும் இல்லை. மரங்களின் வரிசை, மண்ணின் ஏற்ற இறக்கம், ஓடையின் ஓசை ஆகியவையே அவர்களுக்கு வழி சொல்லின. திரையை நம்பி வளரும் தலைமுறை இந்தத் திறனை இழந்துவிடும் என்று பெரியவர்கள் அஞ்சுவது இயல்பே. ஆனால், அவர்கள் நாள்தோறும் அதே நிலத்தில் நடந்தவர்கள். நாமோ மாதத்திற்கு ஒருமுறை, முன்பின் அறியாத குன்றுக்குச் செல்கிறோம். வரைபடம் இல்லாமல் செல்வது நமக்குத் துணிவாகாது. ஆழம் தெரியாமல் காலை விடுவதாகவே அது முடியும். நாம் செய்ய வேண்டியது இரண்டையும் இணைப்பதே. பாதை பிரியும் இடங்களில் நின்று செயலியைப் பார்க்கலாம். மற்ற நேரங்களில் திறன்பேசி பையில் இருக்கட்டும். கண் பாதையில் இருக்கட்டும். கடந்து வந்த பெரிய மரத்தையும் சிறு பாலத்தையும் நினைவில் வைத்துக்கொள்வதும் ஒருவகைப் படிப்புதான்.

இன்னொரு வாதத்தையும் கேட்டிருக்கிறேன். “தவறான பாதையைக் காட்டினால் அது செயலியை நடத்துபவர்களின் குற்றமல்லவா?” என்று சிலர் கேட்கிறார்கள். ஆனால், இந்த வரைபடங்களில் பெரும்பகுதியை வரைந்தவர்கள் நம்மைப் போன்ற பயனர்களே. பல செயலிகள் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்னும் பொது வரைபடத்தைப் பயன்படுத்துகின்றன. 2004ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட அத்திட்டத்தில், யார் வேண்டுமானாலும் சேர்ந்து வரையலாம், திருத்தலாம். அதாவது, நாம் படிக்கும் ஒவ்வொரு குறிப்பையும் முகம் தெரியாத ஒருவர் நேரம் ஒதுக்கி எழுதியிருக்கிறார். வேர்கள் வழுக்குகின்றன என்று எழுதிய அந்த மனிதர், எங்களைப் போன்றவர்களுக்காகவே அதை எழுதினார். பயனை மட்டும் பெற்றுக்கொண்டு குறையை அவர்மேல் போடுவது முறையன்று. மரம் விழுந்திருந்தால் நாமும் இரண்டு வரி எழுதலாம். பாதையைச் சீர்செய்யத் தன்னார்வலர்கள் கூடும் நாளில் நாமும் ஒரு மண்வெட்டி பிடிக்கலாம்.

ஆனால், எழுதுவதிலும் பதிவு செய்வதிலும் கவனம் தேவை. 2017ஆம் ஆண்டின் இறுதியில், ஸ்ட்ராவா நிறுவனம் தன் பயனர்கள் உலகெங்கும் ஓடிய, மிதிவண்டி ஓட்டிய வழிகளை ஒளிக்கோடுகளாகக் காட்டும் வரைபடத்தை வெளியிட்டது. அதில் பெயர்கள் இல்லை. ஆயினும், 2018 ஜனவரியில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இருபது வயது மாணவர் ஒருவர் அதை உற்று நோக்கி, ஆள் நடமாட்டம் இல்லாத பகுதிகளில் இராணுவ முகாம்களின் வடிவம் தெரிவதைச் சுட்டிக்காட்டினார். வீரர்கள் உடற்பயிற்சிக்காக ஓடிய வழிகளே அவர்களின் முகாமைக் காட்டிக்கொடுத்துவிட்டன. பல்லாயிரம் பேர் அந்த வரைபடத்தைப் பார்த்திருப்பார்கள்; அந்த மாணவர் அதைப் படித்தார். நமக்கும் இதில் பாடம் உண்டு. வீட்டு வாசலிலிருந்து பதிவைத் தொடங்கினால், நம் வீடு எங்கே இருக்கிறது, எந்த நேரத்தில் நாம் அங்கே இல்லை என்பது பிறருக்குத் தெரிந்துவிடும். எனவே, தனியுரிமை அமைப்புகளைச் சரிபார்த்த பின்னரே பதிவுகளைப் பகிர வேண்டும்.

மாவுக்கட்டு பிரித்த பிறகு என் அண்ணன் மகன் மீண்டும் மலைக்குச் செல்ல விரும்பினான். அண்ணன் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவன் வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துத் தன் அப்பாவை அழைத்தான். நீலக் குறியுள்ள பாதைகள் மட்டுமே என்றான். எங்கே ஏற்றம், எங்கே இறக்கம் என்று காட்டினான். அண்ணன் குறுக்கிட்டு, “மழை வந்தால்?” என்று கேட்டார். அவன் மூன்று வெளியேறும் வழிகளை விரலால் தொட்டுக் காட்டினான். “கைப்பேசி அணைந்துவிட்டால்?” என்றார். அவன் கையால் வரைந்த ஒரு சிறு தாளைப் பையிலிருந்து எடுத்தான். அண்ணன் அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “ஐந்தரைக்குள் வெளியே வந்துவிட வேண்டும்” என்றார்.

அந்தப் பத்து நிமிடப் படிப்புதான் அண்ணனின் மனத்தை மாற்றியது. பெற்றோர் அஞ்சுவது செயலியைக் கண்டு அன்று. பிள்ளை எதையும் அறியாமல் செல்கிறானோ என்றே அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தைப் போக்க வாதத்தைவிட வரைபடத்தைப் படித்துக் காட்டுவதே சிறந்த வழி. அடுத்த முறை நீங்கள் ஒரு புதிய பாதைக்குப் புறப்படும்போது, மிதிவண்டியின் சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று பார்ப்பீர்கள் அல்லவா? அதோடு பத்து நிமிடம் உட்கார்ந்து, செல்லப்போகும் பாதையையும் படியுங்கள்.